இடது பக்கம், வலது பக்கம்

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

எறும்பு எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், சமையலறை அலமாரியில் இருக்கும் ரேடியோ, நால்வரும் சுகம். ரேடியோவுக்கு மட்டும் போன வாரம் தொண்டை கட்டியிருந்தது. அப்பா ஒரு கம்பியை ஜன்னல் வரை இழுத்துக் கட்டினார், சரியாகிவிட்டது. நீங்கள் சுகமா? உங்கள் தொண்டை சுகமா? இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது அம்மா.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் இப்போது ஒன்பதாம் வகுப்பு. தினமும் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற பொறுப்பு இந்த வருடம் என்னுடையது. தலைமையாசிரியை "யாருக்கு விருப்பம்" என்று கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய சித்திகள் யாரும் வானொலியில் செய்தியாளர் இல்லை.

போன வருடம் வாசித்த அக்கா செய்தித்தாளைப் பார்த்து எழுதினாள். நான் உங்களைக் கேட்டு எழுதுகிறேன். காலை 6.45 செய்தி, 7.30 செய்தி இரண்டையும் ஒரு சொல் விடாமல். நோட்டைத் திறந்தால் இடது பக்கம் 6.45, வலது பக்கம் 7.30. நீங்கள் வாசிக்கும் வேகத்துக்குக் கை ஓடவில்லை என்பதால் சில குறிகள் கண்டுபிடித்திருக்கிறேன். அமைச்சருக்கு ஒரு நாற்காலி. மழைக்கு மூன்று புள்ளி. 'என்று கூறினார்', 'என்று தெரிவித்தார்' என்று வரும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சின்ன வட்டம், திறந்த வாய் மாதிரி. அதைத்தான் அடிக்கடி போட வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை இடது பக்கத்தில் பதினொரு வட்டம் இருக்கிறது. வலது பக்கத்தில் மூன்றுதான். மீதி எட்டு வட்டம் எங்கே போயின?

அப்பா செய்தி நேரத்தில்தான் சவரம் செய்கிறார். நீங்கள் வாசிக்கும் நாளில் கட்டாயம் ஒரு வெட்டு விழுகிறது. "உன் தங்கச்சி குரல் வந்தா கை நின்னுடுது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஊருக்கெல்லாம் நல்லாத்தான் சேதி சொல்றா. வீட்டுக்கு நாலு வரி எழுதத்தான் கை வலிக்குது அவளுக்கு" என்றாள். ஆனால் உங்கள் குரல் வந்ததும் குழாயை மூடியதும் அம்மாதான்.

செய்திகள் முடிந்தன. வாசித்தது,
எறும்பு

---

ஜூன் 20

என் எறும்புக்கு,

சித்தி சுகம். தொண்டையும் தனியாகச் சுகம். கை வலிக்கவில்லை என்று அக்காவிடம் சொல். எழுத உட்கார்ந்தால் டெலிபோன் மணி அடிக்கிறது, எடுத்துப் பேசிவிட்டு வந்தால் எழுத நினைத்தது பறந்துவிடுகிறது. அத்தானுக்கு என் சார்பில் ஒரு பஞ்சுத் துண்டு கொடு.

நீ என் ஸ்டுடியோவைப் பார்த்ததில்லை. குளியலறையை விடக் கொஞ்சம் பெரியது. சக்கரம் இல்லாத நாற்காலி, ஏனென்றால் சக்கரம் உருண்டால் உங்கள் சமையலறையில் கேட்கும். தாள்களைக் குத்தி வைக்க மாட்டோம். ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தம் வராமல் பக்கத்தில் வைக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் செய்தி ஆசிரியர் நிற்பார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கடிகாரம்'. அவருடைய விரல்தான் எனக்கு முள். ஒரு விரல் காட்டினால் ஒரு நிமிடம் குறை என்று அர்த்தம். இரண்டு விரல் காட்டிய நாளும் உண்டு. அன்று நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே நினைவில்லை.

உன் எட்டு வட்டத்துக்குப் பதில். 6.45 செய்தி பத்து நிமிடம், 7.30 ஐந்து நிமிடம். பெரிய பெட்டியில் இருந்ததைச் சின்னப் பெட்டியில் அடைக்கும்போது எதையாவது வெளியே வைக்கத்தானே வேண்டும். உன் வட்டங்கள்தான் முதலில் மெலிகின்றன. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது இத்தனை வருடத்தில் கைக்கே பழகிவிட்டது, பயப்படாதே.

உன் கடிதத்தைக் கடிகாரத்திடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இங்க யாரும் இப்படி எண்ணிப் பாத்ததில்லை. இந்தப் பொண்ணு எப்ப படிப்பை முடிக்கும்?" என்று கேட்டார். அவர் பாராட்டி நான் கேட்டது இது இரண்டாவது முறை. முதல் முறை பாராட்டியது ஒரு மின்விசிறியை.

சத்து மாத்திரையை அக்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பார்த்து எழுது.

அன்புடன்,
உன் சித்தி

---

ஜூலை 6

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா மாத்திரையை வாயில் போடுவதைப் பார்த்தேன், விழுங்குவதைப் பார்க்கவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நேற்று உங்கள் குரல் கரகரத்தது. "அழுதிருக்கா" என்றாள் அம்மா. "நெருப்புக்குப் பக்கத்துல நின்னிருக்கா, புகை" என்றார் அப்பா. யார் சொன்னது சரி?

நூற்பாலையில் தீப்பிடித்த செய்தியை நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதும்போதே உள்ளங்கை வியர்த்து, மை கலைந்துவிட்டது. பன்னிரண்டு தொழிலாளர்களுக்குத் தீக்காயம் என்றதும் அப்பா சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

பள்ளியில் எனக்குக் கொடுப்பது இரண்டு நிமிடம். அதனால் 7.30 செய்தியைத்தான் வாசித்தேன். "வாசல் காவலாளி உறங்கிவிட்டதால் தீ பரவியது தாமதமாகவே தெரியவந்தது" என்ற இடத்தில் முழு மைதானமும் அமைதியாகிவிட்டது. இதுவரை என் செய்திக்கு இப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. பிறகு ஏழாம் வகுப்பு வரிசையில் ஒருவன் பள்ளி வாசலைத் திரும்பிப் பார்த்தான். உடனே எல்லாரும் பார்த்தார்கள். அங்கே எங்கள் வாட்ச்மேன் மாமா வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு கிளம்பியது. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து ஒரு சல்யூட் வைத்தார். மிகவும் நல்ல மனிதர்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உன் குரலும் உன் சித்தி குரல் மாதிரியே இருக்கே" என்றார். நேற்று முழுவதும் எனக்குப் பசிக்கவே இல்லை.

புகையா, அழுகையா என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு சொல்லும் விடாமல் எழுதும்,
எறும்பு

---

ஜூலை 21

எறும்புக்கு,

நலமா? நான் நலம். அன்று புகைதான்.

ஒரு உதவி வேண்டும். நூற்பாலைக் காவலாளி எங்கள் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தான் தூங்கவில்லை என்றும், தூங்கியதாக நான் வானொலியில் சொன்னேன் என்றும். காவலாளி தூங்கிவிட்டார் என்று அன்று என்னிடம் சொன்னது ஆலை மேலாளர். அவர் சொன்னதாகத்தான் நான் வாசித்தேன். ஆனால் அன்று ஆலையிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு ஓடி, கையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தே வாசித்தேன். தட்டச்சுப் பிரதி கிடையாது. நானே கிறுக்கிய குறிப்பேட்டைச் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். ஒலிநாடாக்களைப் பத்து நாளில் அழித்து மறுபடி பயன்படுத்துவோம். அவர் கடிதம் வந்தது பதினான்காம் நாள்.

நான் சரியாகச் சொன்னேன் என்று காட்ட முடியாவிட்டால் என்னை மைக் முன்னால் உட்கார விட மாட்டார்கள். உன் நோட்டைப் பற்றிக் கடிகாரத்துக்குத் தெரியும் அல்லவா, அதைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 5, 6.45 செய்திப் பக்கத்தை அனுப்பி வைப்பாயா?

அக்காவிடம் சொல்லாதே. அவள் மாத்திரையோடு கவலையையும் சேர்த்து வாயில் அடக்கிக்கொள்வாள்.

உன் சித்தி

---

ஜூலை 25

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட பக்கம் இதனுடன் இருக்கிறது. அளவுகோல் வைத்து நேராகக் கிழித்தேன். 'ஆலை மேலாளர்' என்ற சொல் தெளிவாக இருக்கிறது. காவலாளியைப் பற்றிய வரியின் முடிவில் வட்டமும் இருக்கிறது. அதன்மேல் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது, ஆனால் வட்டம்தான், வேறு எதுவும் இல்லை. இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

இங்கே மழை. நூலகத்தில் கூரை ஒழுகியதால் புத்தகங்களை எல்லாம் எங்கள் வகுப்பில் அடுக்கியிருக்கிறார்கள். கரும்பலகை தெரியவில்லை, அதனால் யாருக்கும் வருத்தம் இல்லை. அப்பா புதுச் சவரக் கத்தி வாங்கினார். பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டது. ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை, ஒன்று இரண்டும் கலந்தது. கலந்ததுதான் அழகு.

நோட்டில் இப்போது ஜூலை 5 வலது பக்கம் மட்டும் எதிரே ஆள் இல்லாமல் இருக்கிறது.

வேறு செய்தி இல்லை.

எறும்பு

---

ஆகஸ்ட் 8

என் தங்க எறும்புக்கு,

சுகமா கண்ணு? நான் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உன் பக்கம் எங்கள் செய்திப் பிரிவு முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. கடிகாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது என்ன முட்டையா?" என்று கேட்டார். வட்டத்தின் கதையைச் சொன்னேன். "நம்ம ஆளுங்க கையெழுத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்று சொல்லி, கோப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார். செய்தியில் மேலாளர் கூறியதாகவே சொல்லப்பட்டது என்று அந்தக் காவலாளிக்கு நிலையத்திலிருந்து பதிலும் போய்விட்டது.

இதோடு ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன். நான் முதன்முதலாகச் செய்தி எழுதிய பேனா. மை கசியும், சட்டைப்பையில் வைக்காதே. மற்றபடி நல்ல குணம்.

அந்த மனிதருக்கு வேலை போய்விட்டதாம். அது ஆலைக்காரர்கள் எடுத்த முடிவு, வானொலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று இங்கே சொல்கிறார்கள்.

பூனைக்குட்டிக்குப் பெயர் வைத்தாயா? உன் கடிதங்கள் வழக்கமாக நாலு பக்கம் வருமே, இந்த முறை என்ன சிக்கனம்?

முத்தங்களுடன்,
சித்தி

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள சித்திக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் சுகம். நான் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறேன்.

பேனா வந்தது. இன்னும் அதைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வாட்ச்மேன் மாமாவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? நான் அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் குறட்டை விடுகிறார்கள். முதல் வாரம் அவரும் கூடவே குறட்டை விட்டுக் காட்டினார். பிறகு சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு சிரிக்கவும் இல்லை. போன மாதம் யாரோ அவர் முக்காலியில் 'படுக்கை' என்று சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து முக்காலியைக் காணோம். காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை நின்றுகொண்டே இருக்கிறார். அவருக்கு இடது முழங்கால் மடங்காது.

புதன்கிழமை அவரிடம் கேட்டேன்.

"மாமா, முக்காலி எங்கே?"

"உடைஞ்சு போச்சும்மா."

உடையவில்லை. மணியடிக்கும் அறையில் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

"உக்காந்து பாத்தாலும் வாசல் வாசல்தானே மாமா?"

"உக்காந்தா தூங்கறான்னு சொல்வாங்க. நின்னா ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல. உனக்கு மணி ஆச்சு, போ."

அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை, சித்தி. அந்த ஆலைக் காவலாளியும் தூங்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறார். இவருக்கே இப்படி என்றால், அவர் தெருவில் எப்படி நடப்பார் என்று யோசித்தேன். யோசித்ததிலிருந்து கணக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லை.

அம்மாவிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன். "ஒருத்தர் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டா, அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்தா தப்பாம்மா?"

"கேட்டதைக் கொடுத்தா எப்படித் தப்பாகும்? கேக்காததையும் கொடுக்கிற தாராளம் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணி மடிப்பதை நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றது நினைவிருந்தும் சொன்னேன், அதற்கு மன்னிப்பு வேண்டும். அம்மா ஒரே தலையணை உறையை நாலு தடவை மடித்தாள். கடைசியில், "போடறதுன்னா நாளைக்கே போடு. தள்ளிப் போட்டா நானே தடுத்துடுவேன். அவ என் தங்கச்சி" என்றாள்.

அதனால் இதோ வலது பக்கம். 7.30 செய்தி. காவலாளியின் வரி நாலாவது. அதில் மேலாளர் இல்லை. வட்டமும் இல்லை. நான் விட்டுவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகப்பட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் வரியிலும் கீழ் வரியிலும் வட்டம் போட்டிருக்கிறேன். அன்று பள்ளியில் நான் வாசித்ததும் வட்டம் இல்லாமல்தான்.

இடது பக்கத்தைக் கிழிக்கும்போதே இது எனக்குத் தெரியும். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து மறைத்தேன். என்னை மன்னியுங்கள். கோபம் இருந்தால் பேனாவைத் திருப்பி அனுப்புகிறேன்.

எப்போதும் உங்கள்,
எறும்பு

---

செப்டம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சுகமா? இது விசாரிப்பதற்காக எழுதும் வழக்கமான கேள்வி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பதினாறு நாட்களாக 6.45-இலும் இல்லை, 7.30-இலும் இல்லை உங்கள் குரல். வேறு ஒருவர் வாசிக்கிறார். நன்றாகத்தான் வாசிக்கிறார். அப்பா கன்னத்தில் ஒரு வெட்டுக்கூட இல்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் "இன்னிக்கும் இல்லம்மா" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கக் கூடாதா? தெரியவில்லை. அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் பள்ளி வாசலில் நுழைந்ததும் அப்படித் தோன்றுவதில்லை.

எறும்பு

(கீழே எழுதுவது அக்கா. எழுதி எவ்வளவு வருஷம் ஆச்சு, கையெழுத்து கோணலா இருக்கும். லீவு போட்டுட்டு வா. சாப்பாடு போடுறேன், கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டேன். மாத்திரையை விழுங்கிக்கிட்டுதான் இருக்கேன்.)

---

அக்டோபர் 1

என் எறும்புக்கும், கோணல் கையெழுத்துக்காரிக்கும்,

நான் சுகம். நிஜமாகவே கேட்டதால் நிஜமாகவே சொல்கிறேன். மூன்று வாரம் சுகமில்லை, இப்போது சுகம்.

உன் வலது பக்கம் செப்டம்பர் மூன்றாம் தேதி வந்தது. அன்றே பதில் எழுதியிருந்தால் ஏதாவது சமாளித்து எழுதியிருப்பேன். அதனால்தான் எழுதவில்லை.

நீ அனுப்பாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாய். நான் கேட்காமல் இருந்ததற்கு யார் கேட்பது? உன்னிடம் 6.45 பக்கத்தை மட்டும் கேட்டது மறதியால் இல்லை, எறும்பு. அன்று 7.30-க்குச் சற்று முன் கடிகாரம் ஒரு விரல் காட்டினார். நான் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு இழுத்தது நன்றாக நினைவிருந்தது. கோட்டுக்கு அடியில் என்ன போயிற்று என்பதை மட்டும் நினைத்துப் பார்க்காமலே இருந்தேன். குறிப்பேட்டைத் திறந்தால் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. உன்னிடம் கேட்டாலும் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கைக்குப் பழகிவிட்டது என்று ஜூனில் உனக்குப் பெருமையாக எழுதினேனே, அந்தக் கைதான்.

உன் பக்கத்தையும் என் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மறுநாள் கடிகாரத்திடம் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "விரல் காட்டினது நான்" என்றார். "கோடு போட்டது நான் சார்" என்றேன். "சரி, ரெண்டு பேரும் எழுதிக் கொடுப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தோம். கோப்பை மறுபடி திறந்துவிட்டார்கள்.

பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அவர்களுடைய அறிக்கையைப் பார்த்தேன். ஜூலையிலேயே பார்த்திருக்க வேண்டும். அன்று அபாய மணியை அடித்தவர் அந்தக் காவலாளிதான். மணியை அடித்துவிட்டுப் பின்கதவைத் திறக்க ஓடியிருக்கிறார். அதனால்தான் வாசலில் ஆள் இல்லை.

அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, கைப்பிடி ஆடும் படிகள். அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொல்வதற்குள், "இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றார். நல்ல விதமாகச் சொல்லவில்லை. அறை மூலையில் ரேடியோ இருந்தது, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி மூடியிருந்தார்கள். காவலாளி மெல்லிய மனிதர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பக்கத்தையும் காட்டினேன். எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"யாரு எழுதினது இது?"

"என் அக்கா பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறா."

"உங்க சொந்தக்காரப் பொண்ணே உங்களுக்கு எதிரா எழுதிக் கொடுத்திருக்கா?"

"எனக்கு எதிரா இல்லைங்க. நடந்ததை எழுதியிருக்கா."

தாளை மடிக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "திருத்தம் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுவோம். 6.45-ல சொன்னா நிறையப் பேர் கேப்பாங்க. அதுல..."

"வேண்டாம். ஏழரைக்கே சொல்லுங்க. தூங்கினேன்னு ஏழரைக்குக் கேட்டவங்கதானே தூங்கலைன்னும் கேக்கணும்."

இத்தனை வருடம் செய்திப் பிரிவில் இருந்த எனக்கு இது தோன்றவில்லை.

திருத்தம் அக்டோபர் 10-ஆம் தேதி, காலை 7.30-க்கு. நானே வாசிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு ஆறு மாதம் மைக் பக்கம் போக முடியாது. ஒட்டுக்கேட்பு அறை என்று நாங்கள் கேலியாகச் சொல்லும் ஓர் அறை இருக்கிறது. மற்ற நிலையங்களின் செய்தியையும் எங்கள் செய்தியையும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். இந்த மாதம் முதல் அதுதான் என் வேலை. அதாவது, உன் வேலை. நாளை 6.45-க்கு நீ இடது பக்கத்தில் எழுதும்போது இங்கே நானும் அதே வரியை எழுதிக்கொண்டிருப்பேன். உன் வட்டத்தையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரர் அமைச்சருக்கு நாற்காலியைப் பார்த்ததிலிருந்து என்னோடு நட்பாகிவிட்டார்.

பேனாவைத் திற. அது உன்னுடையது.

அக்கா, டிசம்பரில் வருகிறேன். கேள்வி கேட்கலாம், பரவாயில்லை.

அன்புடன்,
சித்தி

---

அக்டோபர் 12

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் பேனாவால் எழுதும் முதல் கடிதம். மை கசிகிறது. விரல்கள் தவிர எல்லாரும் சுகம். நீங்களும் சுகம்தான், எனக்குத் தெரியும். குரல் கேட்டேன்.

பத்தாம் தேதி அம்மா ஏழே காலுக்கே அடுப்பை அணைத்துவிட்டாள். அப்பா சவரத்தை முடித்து, துடைத்த முகத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்றார். கடைசிச் செய்தியாக வரும் என்று நினைத்தோம். நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். நான் எழுதியதை அப்படியே தருகிறேன், குறிகளைச் சொற்களாக்கி:

"ஜூலை ஐந்தாம் தேதி காலை 7.30 மணிச் செய்தியில், நூற்பாலைத் தீ விபத்தின்போது வாசல் காவலாளி உறங்கிவிட்டதாகச் சொன்னோம். அது ஆலை மேலாளரின் கூற்று. அதை உறுதியான தகவல் போல ஒலிபரப்பியது தவறு. காவலாளி விழித்திருந்தார் என்றும், அபாய மணியை அடித்துப் பின்கதவைத் திறந்தவர் அவரே என்றும் தீயணைப்புப் படையின் அறிக்கை கூறுகிறது. அவரிடம் நிலையம் வருத்தம் தெரிவிக்கிறது. அன்று அந்த வரியைச் சுருக்கி வாசித்தவள் நான்."

அந்தக் கடைசி வரி கடிகாரம் எழுதிக் கொடுத்ததில் இருந்ததா, நீங்களாகச் சேர்த்ததா? கேட்கக் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. அமைச்சர், மழை, சாலை, தேர்வு, கூறினார், எல்லாவற்றுக்கும் குறி வைத்திருக்கிறேன். 'நான்' என்பதற்குக் குறியே இல்லை. இத்தனை மாதத்தில் செய்தியில் அந்தச் சொல் ஒரு முறைகூட வந்ததில்லை, சித்தி. முழுதாக எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள், அது எனக்கு விட்டுப்போயிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு வரி காலியாக இருக்கிறது. அம்மா முந்தானையால் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் தூசி இல்லை.

காலைக் கூட்டத்தில் அதை மட்டும்தான் வாசித்தேன். உங்கள் கடைசி வரியையும் வாசித்தேன். பிறகு, "ஜூலை ஐந்தாம் தேதி அதை இந்த மேடையில் சரிபார்க்காமல் வாசித்தவள் நான்" என்று சேர்த்துக்கொண்டேன். தலைமையாசிரியை புருவத்தைத் தூக்கினார், தடுக்கவில்லை. கைதட்டல் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏழாம் வகுப்பு வரிசை தரையைப் பார்த்தது.

மாலையில் வாசலில் வாட்ச்மேன் மாமா என்னை நிறுத்தினார்.

"காலையில காதுல விழுந்துச்சு. அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கெடைச்சுதா?"

"தெரியலை மாமா. சித்திகிட்ட கேக்கறேன்."

"கேட்டுச் சொல்லு" என்றார். கதவைச் சாத்தப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை போனால் முக்காலி வாசலுக்கு வந்திருந்தது. அவர் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"தூங்கறேன். செய்தியில போட்டுடாத."

"போட்டா, நீங்க சொன்னதாத்தான் மாமா போடுவேன்."

ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சத்தம் வராமல் நடந்து போனான்.

ஆலைக் காவலாளிக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்து எழுதுங்கள். யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அம்மா டிசம்பர் வரைக்கும் நாட்காட்டியில் கட்டம் போட்டிருக்கிறாள். நீங்கள் வருவதற்காக இல்லை, மாத்திரைக் கணக்குக்காக என்று அம்மா கூறுகிறாள்.

இங்கே எல்லாரும் சுகம். என் சித்தியின் குரல்தான் உலகத்திலேயே நல்ல குரல்.

இதைச் சொன்னவள் நான்.